இருவருக்கு நடுவே இருப்பதை அளப்பது: ஒத்திசைவு ஆராய்ச்சி பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சென்னையில் உளவியல் கற்பிக்கிறேன். மனிதர்கள் சேர்ந்து பேசும்போதும் நடக்கும்போதும் வேலை செய்யும்போதும் ஒருவரின் அசைவு மற்றவரின் அசைவோடு எப்படி இணங்கிப் போகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. இந்த இணக்கத்தைத்தான் ஒத்திசைவு என்கிறோம். இதைச் சொன்னவுடன் வகுப்பறையிலும் கல்யாண வீட்டிலும் மின்சார ரயிலிலும் எதிரே இருப்பவர்கள் பெரும்பாலும் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை எழுதி, கீழே பதில் தந்திருக்கிறேன்.

"சைக்காலஜி என்றால் கவுன்சலிங்தானே மேடம்? என் பெண்ணை உங்களிடம் அழைத்து வரலாமா?"

அது என் வேலை இல்லை. மனநலச் சிகிச்சை தரும் மருத்துவ உளவியலாளர்களுக்குத் தனிப் படிப்பும் பயிற்சியும் உண்டு. இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவும் உண்டு. எனக்கு அந்தப் பதிவு கிடையாது. உங்கள் பெண்ணுக்கு உதவி தேவையென்றால் பதிவு பெற்றவரிடம் உடனே அழைத்துப் போங்கள். என்னைப் போன்றவர்களிடம் வந்து நாளைக் கடத்த வேண்டாம்.

நான் சோதனை உளவியலைச் சேர்ந்தவள். நோயைத் தேடுவதில்லை. நல்ல உடல்நலத்தோடு இருக்கும் சாதாரண மனிதர்கள் அன்றாடம் செய்யும் ஒரு காரியத்தை எடுத்துக்கொண்டு, அது எப்படி நடக்கிறது என்று அளந்து பார்ப்பேன்.

"இரண்டு பேர் சேர்ந்து ஒரு வேலை செய்வதில் ஆராய என்ன இருக்கிறது சித்தி? எல்லோரும்தான் செய்கிறோம்."

எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடியிலிருந்து ஓர் இரும்பு பீரோவை இரண்டு பேர் படி வழியாக இறக்கியதைப் பார்த்தேன். கீழே இருந்தவர் பின்பக்கமாகவே இறங்கினார். அவருக்குப் படியும் தெரியாது, பீரோவுக்கு அந்தப் பக்கம் இருந்தவரின் முகமும் தெரியாது. திருப்பத்தில் மேலே இருந்தவர் வலது கையை எடுத்து மாற்றிப் பிடித்தார். அதே கணத்தில் கீழே இருந்தவர் முழங்காலைச் சற்று மடக்கி, பாரத்தைத் தன் தோள் பக்கம் வாங்கிக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. மேலே இருப்பவர் கை மாற்றுகிறார் என்ற செய்தி தகட்டின் வழியாகவே அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இந்தத் திறமை யாரிடம் இருந்தது? மேலே இருந்தவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சோதித்தால் தெரியாது. கீழே இருந்தவரைச் சோதித்தாலும் தெரியாது. உளவியல் நெடுங்காலம் ஒரு மனிதரைத் தனி அறையில் உட்காரவைத்துத்தான் ஆராய்ந்தது. ஆனால் நம் வாழ்க்கையில் பாதி இந்த பீரோவைப் போன்றது. அதில் முக்கியமானது இருவருக்கும் நடுவில்தான் நடக்கிறது. அந்த நடுவை அளக்க முடியும் என்பதை நான் மனதார நம்புகிறேன். இத்தனை ஆண்டுகள் இதிலேயே இருப்பதற்கு அதுதான் காரணம்.

"இது புதிய துறையா? யார் தொடங்கியது?"

விதை பழையது. 1665இல் டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது, ஒரே மரச்சட்டத்தில் தொங்கிய இரண்டு ஊசல் கடிகாரங்கள் எப்படி ஆட்டிவிட்டாலும் அரை மணி நேரத்துக்குள் எதிரெதிராக ஒரே தாளத்தில் ஆடத் தொடங்குவதைக் கவனித்தார். சட்டத்தின் மெல்லிய அதிர்வுதான் அவற்றை இணைத்தது. மனிதர்களிடம் இதைத் தேடியவர்களில் முன்னோடி வில்லியம் காண்டன். 1960களில் உரையாடல்களைப் படம் பிடித்து, ஒவ்வொரு படச்சட்டமாக நிறுத்தி, கேட்பவரின் உடல் பேசுபவரின் பேச்சோடு சேர்ந்து அசைகிறது என்று எழுதினார்.

அடுத்த பெரிய திருப்பத்தை நீங்களே செய்து பார்க்கலாம். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் முன்னே நீட்டி, காரின் மழைத்துடைப்பான் போல இரண்டையும் ஒரே பக்கம் ஆட்டுங்கள். இரண்டும் இடம், இரண்டும் வலம். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில், நீங்கள் விரும்பாமலே, விரல்கள் ஒன்றையொன்று நெருங்கி விலகும் ஆட்டத்துக்குத் தாவிவிடும். திரும்ப மெதுவாக்கினாலும் பழைய ஆட்டம் தானாக வராது. ஸ்காட் கெல்சோ இதைச் சோதனையாகச் செய்தார். 1985இல் ஹாக்கன், கெல்சோ, பன்ஸ் மூவரும் இதற்கு ஒரு சமன்பாடு தந்தார்கள்.

1990இல் ஷ்மிட், கரெல்லோ, டர்வி மூவரும் கேட்ட கேள்விதான் என்னை இந்தத் துறைக்கு இழுத்தது: அந்த இரண்டு விரல்கள் இரண்டு வெவ்வேறு மனிதர்களுடையதாக இருந்தால்? இருவரை உட்காரவைத்து, ஒருவரையொருவர் பார்த்தபடி காலை எதிரெதிராக ஆட்டச் சொன்னார்கள். வேகம் கூடியபோது அதே தாவல் நிகழ்ந்தது. இரண்டு மூளைகளுக்கு நடுவே நரம்பு ஏதும் இல்லை. பார்வை மட்டும்தான் இருந்தது. ஹைகன்ஸின் கடிகாரங்களுக்கு மரச்சட்டம் செய்த வேலையை இங்கே கண் செய்தது.

"கச்சேரியில் பாடகரும் மிருதங்கக்காரரும் சரியாக வந்து சேருகிறார்களே, அதுவும் இதுதானா?"

அதுவும் இதுதான். ஆனால் அங்கே பயிற்சியும் சேர்ந்திருக்கிறது. மார்கழி சீசனில் தனி ஆவர்த்தனம் நடக்கும்போது பாடகரின் வலது கையைப் பாருங்கள். ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, தட்டு வீச்சு, தட்டு வீச்சு என்று ஆதி தாளத்தின் எட்டு அட்சரமும் தொடையில் தெரியும். மிருதங்கக்காரர் என்ன குறுக்குக் கணக்குப் போட்டாலும் அந்தக் கை அசையாமல் போய்க்கொண்டிருக்கும். மூன்று முறை வாசித்து முடிக்கும் கடைசித் தாளக்கட்டான கோர்வை மூன்றாம் முறை வரும்போது இருவரும் நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்ப்பார்கள். கோர்வை முடிகிற இடத்தில் பல்லவியின் எடுப்பு ஏறி உட்காரும்.

ஒலியைக் கேட்ட பிறகு அதற்கு எதிர்வினை செய்வது என்றால் இது நடக்காது. கேட்டு, புரிந்து, கை அசைவதற்குள் காலம் கடந்துவிடும். அதனால் மனிதர்கள் அடுத்த அடியை எதிர்பார்த்தே அடிக்கிறார்கள். சீராகத் தட்டும் ஒரு கருவியோடு விரலால் தட்டச் சொன்னால், பெரும்பாலோர் ஒலிக்குச் சில பத்து மில்லி விநாடிகள் முன்னதாகவே தட்டுவார்கள். சரியாகத் தட்டுவதாகத்தான் அவர்களுக்குத் தோன்றும்.

கைதட்டலிலும் ஒரு வேடிக்கை உண்டு. கிழக்கு ஐரோப்பிய அரங்குகளில் தாறுமாறாகத் தொடங்கும் கைதட்டல் திடீரென்று ஒரே தாளமாகிவிடும். அதற்காக ஒவ்வொருவரும் தட்டும் வேகத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கிறார்கள் என்று நேடாவும் உடன் ஆய்வாளர்களும் 2000இல் காட்டினார்கள். நம் சபாக்களில் அப்படி நான் கேட்டதில்லை. நம்மவர்களின் தாளமெல்லாம் கச்சேரியின்போதே தொடையில் முடிந்துவிடுகிறது.

"பேச்சிலும் இருக்கிறது என்கிறீர்கள். நம் வீடுகளில் எல்லோரும் ஒரே நேரத்தில்தானே பேசுகிறோம்?"

அப்படித் தோன்றும். பதிவு செய்து அளந்தால் ஒரு நேரத்தில் ஒருவர் பேசும் நேரமே மிக அதிகம். பேச்சு முறை மாறுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு என்று சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்சன் ஆகியோர் 1974இல் எழுதினார்கள். 2009இல் ஸ்டிவர்ஸ் தலைமையில் பத்து மொழிகளில் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்தார்கள். மொழிக்கு மொழி வேறுபாடு உண்டு; ஜப்பானியர் விரைவு, டேனிஷ்காரர் நிதானம். ஆனாலும் சராசரி ஏறக்குறைய 200 மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே சுமார் 600 மில்லி விநாடி ஆகிறது. ஆக, எதிரே இருப்பவர் முடிப்பதற்கு முன்பே நாம் பதிலைத் தயார் செய்யத் தொடங்கிவிடுகிறோம். மேலே மிருதங்கத்துக்குச் சொன்ன அதே எதிர்பார்ப்புதான்.

அந்தப் பத்து மொழிகளில் தமிழ் இல்லை. நம் மொழியில் வினைமுற்று கடைசியில் வருகிறது. 'நாளைக்குக் காலையில் அவன் ஊருக்கு' என்பது வரை கேட்டாலும், போகிறானா, போகவில்லையா, போகச் சொன்னார்களா என்பது இறுதிச் சொல்லில்தான் தெரியும். அப்படியிருந்தும் நாம் தடுமாறுவதில்லை. இதைத் தமிழில் பொறுமையாக அளக்க யாராவது வர வேண்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்கிறேன்.

"கதை கேட்கும்போது 'உம்' கொட்டச் சொல்வார்களே பாட்டிகள், அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?"

இந்தக் கேள்வியைக் கேட்டவர் முதலாமாண்டு மாணவி. எனக்கு வந்த கேள்விகளிலேயே சிறந்தது இது. பாட்டி சரியாகத்தான் கேட்டிருக்கிறார். பாவெலாஸ், கோட்ஸ், ஜான்சன் மூவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், கதை கேட்பவருக்கு வேறொரு வேலை கொடுத்து அவருடைய கவனத்தைக் கலைத்தார்கள். உடனே கதை சொல்பவரின் தரம் சரிந்தது. அதிலும் கதை உச்சத்துக்கு வந்து முடிய வேண்டிய இடத்தில்தான் அதிகம் திணறினார்கள். சொல்பவர் ஒருவர், கேட்பவர் ஒருவர் என்று நாம் பிரிக்கிறோம். கதையை உண்டாக்குவது இருவரும்தான். 'உம்' நின்றால் பாட்டி கதையை நிறுத்தியதற்கு அதுவே காரணம்.

"முகம் பார்க்காமல், போனில் பேசும்போதும் உடம்பு ஒத்துப்போகுமா?"

போன் சோதனை ஒன்றும் கைவசம் இல்லை. அதற்கு மிக நெருங்கிய ஒன்று உண்டு. நேராக நிற்கும்போதும் நம் உடல் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஆடிக்கொண்டே இருக்கிறது. 2003இல் ஷாக்லி, சந்தானா, ஃபௌலர் மூவரும், இருவரை ஒருவரையொருவர் பார்க்காதபடி நிறுத்திப் பேசவைத்து அந்த ஆட்டத்தை அளந்தார்கள். வேறு யாருடனோ பேசியபோது இருந்ததைவிட, தங்களுக்குள் பேசியபோது இருவரின் ஆட்டமும் அதிகம் பொருந்தியது. பேச்சே போதுமானதாக இருந்தது.

"இதையெல்லாம் எப்படி அளக்கிறீர்கள்? கண்ணால் பார்த்தா?"

கண்ணால் பார்த்துத் தொடங்குவோம். அதை நம்பி முடிக்க மாட்டோம். தலையிலும் மணிக்கட்டிலும் அசைவு உணரிகளைக் கட்டுவோம், அல்லது வீடியோ எடுப்போம். வீடியோவில் விநாடிக்கு 25 சட்டம் என்றால் ஒரு நிமிடத்துக்கு 1,500 சட்டம். பத்து நிமிட உரையாடலில் யார் எப்போது தலையசைத்தார் என்று கையால் குறித்தால் ஒரு வாரம் ஓடிவிடும். இப்போது கணினி உடல் அசைவை ஓரளவு தானே பின்தொடர்கிறது. கிடைத்த இரண்டு அசைவு வரிகளில் ஒன்றை மற்றொன்றின் மேல் வைத்து, சற்று முன்னும் பின்னும் நகர்த்தி, எந்த இடைவெளியில் அதிகம் பொருந்துகிறது என்று பார்ப்போம்.

தொடக்க காலத்தில் எனக்கு நேர்ந்த ஒரு பிழையைச் சொல்கிறேன், புதிதாக வருபவர்களுக்கு உதவும். இரண்டு கேமராக்களில் எடுத்த பதிவுகளை மூன்று மாதம் குறித்த பிறகுதான், இரண்டின் கடிகாரங்களும் ஒன்றாக ஓடவில்லை என்று கண்டுபிடித்தேன். யார் முந்தினார், யார் பின்தொடர்ந்தார் என்று நான் எழுதிய அத்தனையும் பொய். எல்லாவற்றையும் தூக்கி வைத்துவிட்டு மறுபடி தொடங்கினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு கேமராக்களுக்கும் தெரியும்படி ஒருமுறை கை தட்டுவோம். உள்ளங்கைகள் சேரும் சட்டம் இரண்டு பதிவுக்கும் பொதுவான புள்ளி.

"தற்செயலாகப் பொருந்தியிருக்கலாமே? எல்லோரும்தான் தலையாட்டுகிறார்கள்."

மிக நியாயமான சந்தேகம். ஆய்வுக் கட்டுரையை மதிப்பிடுபவர் முதலில் கேட்பதும் இதுவே. பதில், போலி ஜோடிகள். காலையில் வந்த ஜோடியில் ஒருவரையும் மாலையில் வந்த ஜோடியில் ஒருவரையும் எடுத்து, அவர்கள் சேர்ந்து பேசியதைப் போலவே கணக்குப் போடுவோம். இவர்கள் சந்தித்ததே இல்லை. இருந்தும் கொஞ்சம் பொருத்தம் வரும். அதுதான் தற்செயலின் அளவு. உண்மையான ஜோடியின் பொருத்தம் இந்த அளவைத் தெளிவாகத் தாண்டினால் மட்டுமே பேச வேண்டும். தாண்டவில்லை என்றால் அதையும் அப்படியே எழுத வேண்டும். இதைச் செய்யத் தயங்கும் மாணவருக்கு எத்தனை புத்திசாலித்தனம் இருந்தாலும் நான் ஆய்வு வழிகாட்டியாக இருக்க மாட்டேன்.

"சேர்ந்து தாளம் போட்டால் ஒற்றுமை வளரும் என்று படித்தேன். உண்மையா?"

ஓரளவு. 2009இல் வில்டர்முத், ஹீத் இருவரும், சேர்ந்து அடி வைத்து நடந்தவர்கள் பிறகு நடந்த விளையாட்டில் அதிகம் ஒத்துழைத்தார்கள் என்று காட்டினார்கள். சேர்ந்து பாடி ஆடிய நான்கு வயதுக் குழந்தைகள் ஒருவருக்கொருவர் அதிகம் உதவினார்கள் என்று கிர்ஷ்னர், டோமசெல்லோ 2010இல் எழுதினார்கள். ஆனால் 2015இல் உளவியலின் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது 36 விழுக்காட்டில்தான் முன்பு கிடைத்த முடிவு உறுதியாகத் திரும்பக் கிடைத்தது. அந்தப் பாடத்துக்குப் பிறகு, சிறிய குழுவில் ஒரே முறை கண்ட எதையும் நான் கொஞ்சம் தள்ளி நின்றே பார்க்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே வில்டர்முத் 2012இல், ஒருவரோடு அடி ஒத்து நடந்தவர்கள், அவர் சொன்னதற்காகப் பூச்சிகளைக் கொல்லும் வேலைக்கும் அதிகம் இணங்கினார்கள் என்று காட்டினார். ஒத்திசைவு ஒரு பசை. எதை எதோடு ஒட்டுகிறோம் என்பது அந்தப் பசைக்குத் தெரியாது.

"தீமிதியில் பார்க்கிறவர்களுக்கும் நெஞ்சு படபடக்கிறதே, அதை யாராவது அளந்திருக்கிறார்களா?"

அளந்திருக்கிறார்கள், ஸ்பெயினில். சான் பெட்ரோ மன்ரிக்கே என்ற ஊரில் ஆண்டுதோறும் தீ மிதிக்கிறார்கள். கொன்வலிங்காவும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், மிதிப்பவரின் இதயத் துடிப்பும் கூட்டத்தில் இருந்த அவருடைய உறவினர், நண்பர்களின் துடிப்பும் ஒரே விதமாக ஏறி இறங்கின. வெளியூரிலிருந்து வந்து பார்த்தவர்களிடம் அது இல்லை. எல்லோரும் பார்த்தது ஒரே நெருப்பைத்தான். திரௌபதி அம்மன் கோயில் தீமிதியைச் சிறு வயதில் பார்த்தவள் நான். இந்தக் கட்டுரையை முதன்முதலில் படித்த அன்று, என் சித்தப்பா குண்டத்தில் இறங்கிய நாளில் என் அம்மா என் கையை எப்படிப் பிடித்திருந்தார் என்பது நினைவுக்கு வந்தது.

"என் மகனுக்கு ஆட்டிசம். மற்றவர்களோடு ஒத்துப்போகும் இந்தத் தாளம் அவனிடம் இல்லை என்று பொருளா?"

அப்படிச் சொல்லிவிட முடியாது, அம்மா. ஆட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் பழகும்போது ஒத்திசைவு குறைவாக இருப்பதைச் சில ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆனால் பீரோவைப் பற்றிச் சொன்னதை நினைவில் வையுங்கள். குறை நடுவில் தெரிகிறது என்றால் அதை ஒருவர் தலையில் மட்டும் கட்ட முடியாது. 2012இல் டேமியன் மில்டன் இந்த வாதத்தைத்தான் வைத்தார்: புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது. 2020இல் க்ராம்ப்டனும் உடன் ஆய்வாளர்களும் ஒரு கதையை ஒருவர் காதிலிருந்து அடுத்தவருக்குக் கடத்தச் சொன்னார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த வரிசை, இல்லாதவர்கள் மட்டுமே இருந்த வரிசைக்கு இணையாகக் கதையைக் காப்பாற்றியது. இரண்டு வகையினரும் கலந்த வரிசையில்தான் கதை அதிகம் தேய்ந்தது.

மகனோடு நீங்கள் எந்த விளையாட்டில் இயல்பாக ஒன்றுகிறீர்கள் என்று கவனியுங்கள். மற்றதை முதல் பதிலில் சொன்னபடி பதிவு பெற்ற வல்லுநரிடம் கேளுங்கள்.

"இரண்டு பேர் என்றால் ஒருவர் தலைவர், ஒருவர் தொண்டர் என்றுதானே இருக்கும்?"

எப்போதும் அப்படி இல்லை. 2011இல் நோய், டெகல், அலோன் மூவரும் கண்ணாடி விளையாட்டு ஒன்றை அளந்தார்கள். இருவர் எதிரெதிரே நின்று ஒரே மாதிரி கையை அசைக்க வேண்டும். ஒருவரைத் தலைவராக நியமித்தால், பின்தொடர்பவரின் அசைவில் சின்னச் சின்ன நடுக்கங்கள் வரும்; தொடர்ந்து பிழை திருத்திக்கொண்டே வருவதன் அடையாளம் அது. அனுபவமுள்ள நாடகக் கலைஞர்கள் தலைவரே இல்லாமல் ஆடியபோது, சில நேரங்களில் அந்த நடுக்கம் இருவரிடமும் மறைந்தது.

பட்டினப்பாக்கம் கடற்கரையில் கரைவலை இழுப்பதை நின்று பாருங்கள். முதலில் ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் பின்பாட்டோடு இழுப்பார்கள். வலை நெருங்க நெருங்க குரல் குறைந்து, இழுப்பு மட்டும் சீராக நடக்கும். அப்போது கயிறே எல்லோருக்கும் செய்தி சொல்கிறது.

"இதற்கு எங்கே படிப்பது? சென்னையிலேயே முடியுமா?"

அடிப்படையை இங்கேயே படிக்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943 முதல் உளவியல் துறை இருக்கிறது. மாநிலக் கல்லூரி, மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி போன்றவற்றிலும் உளவியல் கற்பிக்கிறார்கள். முதுகலைக்குப் பிறகு அறிதிறன் அறிவியல் பக்கம் போக வேண்டும் என்றால் அலகாபாத், ஹைதராபாத் பல்கலைக்கழகங்களும் கான்பூர், காந்திநகர் ஐ.ஐ.டி.களும் உண்டு. வெளிநாட்டில் இந்தத் துறையின் பழைய வீடு கனெக்டிகட் பல்கலைக்கழகம். செபான்ஸும் நோப்லிக்கும் கூட்டுச் செயலை ஆராயும் மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகம் இப்போது வியன்னாவில் இருக்கிறது.

"எனக்குக் கணக்கு வராது. சேரலாமா?"

சேரலாம், ஆனால் கற்றுக்கொள்ள வேண்டும். புள்ளியியலும் கொஞ்சம் நிரல் எழுதுவதும் இல்லாமல் மேலே சொன்ன எதையும் செய்ய முடியாது. கோலத்தில் புள்ளி வைத்து ஒரே வடிவத்தைத் திருப்பித் திருப்பிப் போடத் தெரிந்தவருக்கு நிரலில் வரும் சுழற்சி புரியும். மீதியை ஓராண்டில் கற்கலாம், கற்றுக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"சம்பளம் எப்படி? வீட்டில் கேட்கிறார்கள்."

யு.ஜி.சி. நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால், 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுகள் கழித்து மூத்த நிலையில் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. முனைவர் பட்டத்துக்கு 2022 விதிகளின்படி குறைந்தது மூன்று ஆண்டுகள். எங்கள் துறையில் மூன்றில் முடிப்பது அரிது. பிறகு நிரந்தர வேலைக்குக் காத்திருக்க நேரலாம்; அதை வீட்டில் மறைக்காமல் முன்பே சொல்லிவிடுங்கள். அசைவுத் தரவைக் கையாளத் தெரிந்தவர்களுக்கு மறுவாழ்வு மருத்துவத்திலும் ரோபோ ஆய்விலும் இடம் கிடைக்கிறது.

"உங்கள் சோதனைக்கு நான் வரலாமா மேடம்? என்ன தயார் செய்ய வேண்டும்?"

தாராளமாக வாருங்கள். தயாரிப்பு ஒன்றும் வேண்டாம். என்ன எதிர்பார்க்கிறோம் என்று முன்கூட்டியே கேட்காமல் இருந்தால் போதும். தமிழில் ஒப்புதல் படிவம் தருவோம், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பிடிக்கவில்லை என்றால் நடுவில் எழுந்து போகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. கையில் உணரி கட்டுவதால் வளையலையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவைக்கச் சொல்வோம். ஆனால் தனியாக வந்துவிடாதீர்கள். உங்களோடு இன்னொருவரையும் அழைத்து வாருங்கள்.